தலைமை நீதிபதி நாற்காலிக்கு வரிசை உண்டு, சட்டம் இல்லை: எச்.ஆர். கன்னாவை முன்வைத்து ஓர் எளிய விளக்கம்

2021 ஆகஸ்ட் 31 அன்று உச்ச நீதிமன்றத்தில் ஒரே நாளில் ஒன்பது நீதிபதிகள் பதவியேற்றார்கள். உடனே செய்தித்தாள்கள் எல்லாம் ஒரு விஷயத்தை அடித்துச் சொன்னன. அந்த ஒன்பது பேரில் ஒருவரான பி.வி. நாகரத்னா 2027 செப்டம்பரில் இந்தியாவின் முதல் பெண் தலைமை நீதிபதி ஆவார், 36 நாள் அந்தப் பதவியில் இருப்பார் என்று. ஆறு வருடம் கழித்து நடக்கப்போவதை நாள் கணக்கோடு எப்படிச் சொல்ல முடிகிறது? தேர்தல் முடிவையே முந்தின நாள் சரியாகச் சொல்ல ஆள் கிடைக்காத நாட்டில்!

இதற்கு ஜோசியம் தேவையில்லை. இரண்டு தேதிகள் தெரிந்தால் போதும். ஒன்று, நீதிபதி உச்ச நீதிமன்றத்தில் பதவியேற்ற தேதி. இன்னொன்று, அவர் பிறந்த தேதி. உச்ச நீதிமன்ற நீதிபதி 65 வயதில் ஓய்வு பெற வேண்டும் என்று அரசியலமைப்புச் சட்டம் சொல்கிறது. தலைமை நீதிபதி ஓய்வு பெறும் அன்று, மிச்சம் இருப்பவர்களில் யார் முதலில் பதவியேற்றவரோ அவர் அந்த இடத்துக்கு வருவார். இதைத்தான் பணிமூப்பு என்கிறோம். நீதிமன்ற வட்டாரத்தில் சீனியாரிட்டி. இங்கே மூத்தவர் என்றால் வயதில் மூத்தவர் அல்ல. உச்ச நீதிமன்றத்துக்குள் முதலில் காலடி வைத்தவர். ஒரே நாளில் பலர் பதவியேற்றால், யார் முதலில் உறுதிமொழி எடுத்தார் என்ற வரிசையே கணக்கு.

அந்த ஒன்பது பேரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஈரோட்டைச் சேர்ந்த எம்.எம். சுந்தரேஷ் அன்று பி.எஸ். நரசிம்மாவுக்கு முன்னால் உறுதிமொழி எடுத்தவர். ஆனால் அவர் பிறந்தது 1962 ஜூலை. 2027 ஜூலையில் ஓய்வு. அவருக்குப் பின்னால் நின்ற நரசிம்மா வயதில் இளையவர் என்பதால், நாகரத்னாவுக்கு அடுத்து 2027 அக்டோபர் கடைசியில் தலைமை நீதிபதி ஆகும் வரிசையில் இருக்கிறார். ஒரு தேதி முன்னே தள்ளுகிறது, இன்னொரு தேதி வெளியே அனுப்புகிறது. திறமை, தீர்ப்புகளின் தரம், நிர்வாகத் திறன் எதுவும் இந்தக் கணக்கில் வராது.

சரி, இந்த விதி எங்கே எழுதியிருக்கிறது? அரசியலமைப்புச் சட்டத்தில் தேடினால் கிடைக்காது. உச்ச நீதிமன்ற நீதிபதிகளைக் குடியரசுத் தலைவர் நியமிப்பார் என்கிறது 124-ஆவது பிரிவு. தலைமை நீதிபதியை எப்படித் தேர்ந்தெடுப்பது, யாரைத் தேர்ந்தெடுப்பது என்று ஒரு வரிகூட இல்லை. பின்னாளில் அரசும் நீதிமன்றமும் சேர்ந்து வகுத்துக்கொண்ட நியமன நடைமுறைக் குறிப்பில்தான், பதவிக்குத் தகுதியுள்ளவராகக் கருதப்படும் மிக மூத்த நீதிபதியை நியமிக்க வேண்டும் என்று இருக்கிறது. அது சட்டம் இல்லை, நடைமுறை. ஓய்வு பெறப்போகும் தலைமை நீதிபதியிடம் சட்ட அமைச்சர் பரிந்துரை கேட்பார்; அவர் அடுத்த மூத்தவரின் பெயரை எழுதி அனுப்புவார். இன்றைக்கு இது ஒரு சடங்கு மாதிரி நடக்கிறது. யாரும் அதிர்ச்சி அடைவதில்லை.

அதிர்ச்சி அடைந்த காலம் ஒன்று இருந்தது. அதைப் புரிந்துகொள்ள, இந்த நாற்காலியில் உட்காரவே உட்காராத ஒரு நீதிபதியின் வாழ்க்கையைப் பார்ப்பதுதான் நல்ல வழி என்பது என் எண்ணம். அவர் பெயர் ஹன்ஸ் ராஜ் கன்னா. சட்ட உலகில் எச்.ஆர். கன்னா.

கன்னா 1912 ஜூலை 3 அன்று அமிர்தசரஸில் பிறந்தார். அப்பா சரப் தயாள் கன்னா வழக்கறிஞர், விடுதலைப் போராட்டத்தில் பங்கெடுத்தவர், பின்னாளில் அந்த நகரத்தின் மேயர். கன்னாவுக்கு ஆறு வயது இருக்கும்போது அதே ஊரில் ஜாலியன்வாலா பாக் படுகொலை நடந்தது. விசாரணை இல்லாமல் ஆளைப் பிடித்து அடைக்க வழி செய்த ரௌலட் சட்டத்தை எதிர்த்துக் கொதித்துக்கொண்டிருந்த ஊர் அது. அந்தச் சிறுவன் 63 வயதில், விசாரணை இல்லாமல் அடைத்துவைப்பது பற்றிய சுதந்திர இந்தியாவின் மிகப் பெரிய வழக்கில் தீர்ப்பு எழுத உட்காருவான் என்று கதை எழுதினால்கூட, கொஞ்சம் மிகைதான் என்போம்.

லாகூரில் சட்டம் படித்தார். அமிர்தசரஸில் வழக்கறிஞர் தொழில். 1952-ல் மாவட்ட, அமர்வு நீதிபதி. 1962-ல் பஞ்சாப் உயர் நீதிமன்ற நீதிபதி. 1966-ல் டெல்லிக்குத் தனி உயர் நீதிமன்றம் அமைந்தபோது அங்கே போனார்; 1969-ல் அதன் தலைமை நீதிபதி. 1971 செப்டம்பர் 22 அன்று உச்ச நீதிமன்றம். மாவட்ட நீதிமன்றத்திலிருந்து படிப்படியாக ஏறி உச்ச நீதிமன்றம்வரை வந்தவர்கள் அன்றும் குறைவு, இன்றும் குறைவு. பெரும்பாலும் உயர் நீதிமன்ற வழக்கறிஞர்கள் நேரடியாக உயர் நீதிமன்ற நீதிபதியாகி, அங்கிருந்து மேலே போவதுதான் வழக்கம். கன்னா கொலை வழக்கும் சொத்து வழக்கும் கேட்டு வளர்ந்த நீதிபதி. புரட்சிக்காரர் இல்லை; இடதுசாரியோ வலதுசாரியோ என்று முத்திரை குத்தவும் முடியாது. சட்டப் புத்தகத்தை ஒழுங்காகப் படித்து, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு எழுந்து போகிற ரகம்.

அவர் பதவியேற்ற தேதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். செப்டம்பர் 22. அடுத்து, அதே ஆண்டு டிசம்பர் 10 அன்று எம்.எச். பெக் பதவியேற்றார். இருவருக்கும் நடுவே மூன்று மாதம்கூட இல்லை. பின்னால் வரும் கதை முழுக்க இந்த இடைவெளியில்தான் நிற்கிறது.

1973: வரிசை முதன்முறையாக உடைந்தது

முதன்முறை என்று சொல்வதில் ஒரு சின்னத் திருத்தம் வேண்டும். 1964-ல் சையத் ஜாபர் இமாமைத் தாண்டி கஜேந்திரகட்கர் தலைமை நீதிபதி ஆனார். ஆனால் இமாம் அப்போது கடும் உடல்நலக் குறைவில் இருந்தார்; அதில் யாரும் அரசியல் பார்க்கவில்லை. அதற்கும் முன்னால், 1951-ல் முதல் தலைமை நீதிபதி கனியா பதவியில் இருக்கும்போதே இறந்துபோனார். அடுத்த மூத்தவர் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன பதஞ்சலி சாஸ்திரி. அரசு வேறு ஆளை யோசித்தது என்றும், மற்ற நீதிபதிகள் ராஜினாமா செய்வோம் என்று எச்சரித்ததால் சாஸ்திரிக்கே பதவி வந்தது என்றும் அந்தக் காலத்தைப் பற்றி எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். எழுதாத விதி அன்றைக்கே வேர்விடத் தொடங்கிவிட்டது.

1973 ஏப்ரல் 24 அன்று கேசவானந்த பாரதி வழக்கில் தீர்ப்பு வந்தது. காசர்கோடு பக்கத்து எடநீர் மடத்தின் தலைவர் தொடுத்த வழக்கு. கேள்வி இதுதான்: நாடாளுமன்றம் மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மையோடு அரசியலமைப்புச் சட்டத்தில் எதை வேண்டுமானாலும் மாற்றலாமா? பதின்மூன்று நீதிபதிகள், 68 நாள் விசாரணை. ஆறு பேர் நாடாளுமன்றத்துக்கு எல்லை உண்டு என்றார்கள். ஆறு பேர் அப்படி எல்லை கிடையாது என்றார்கள். பதின்மூன்றாவது நீதிபதி கன்னா. அவர் இரண்டு பக்கத்துக்கும் நடுவில் போனார். சட்டத்தின் எந்தப் பிரிவையும் திருத்தலாம், சொத்துரிமையையும் திருத்தலாம். ஆனால் திருத்தம் என்ற பெயரில் அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பையே இடிக்க முடியாது என்றார். ஏழுக்கு ஆறு. ‘அடிப்படைக் கட்டமைப்பு’ என்று இன்றுவரை நாடாளுமன்ற விவாதங்களில் அடிபடுகிற கோட்பாடு, அந்த ஒரு நீதிபதியின் எடையால் சட்டமானது.

மறுநாள், ஏப்ரல் 25, தலைமை நீதிபதி சிக்ரி ஓய்வு. வரிசைப்படி அடுத்து ஷெலத், பிறகு ஹெக்டே, பிறகு குரோவர், நான்காவதாக ஏ.என். ரே. அன்று வந்த அறிவிப்பில் இருந்த பெயர் ரே. தாண்டப்பட்ட மூவரும் கேசவானந்தா வழக்கில் அரசுக்கு எதிராகத் தீர்ப்பு எழுதியவர்கள். ரே அரசுப் பக்கம் நின்றவர். மூவரும் ராஜினாமா செய்தார்கள். வரிசைப்படி போயிருந்தால் ரேக்கு அந்தப் பதவி கிடைத்திருக்கவே வாய்ப்பில்லை. குரோவர் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்பே ரேக்கு 65 வயது நிறைந்துவிடும்.

நாடாளுமன்றத்தில் இதை நியாயப்படுத்திப் பேசியவர் சட்ட அமைச்சர் மட்டும் அல்ல. முன்னால் நின்று பேசியவர் அன்றைய உருக்குத் துறை அமைச்சர், நம் ஊர் மோகன் குமாரமங்கலம். சென்னை உயர் நீதிமன்ற வழக்கறிஞராக, தமிழ்நாட்டின் அட்வகேட் ஜெனரலாக இருந்தவர். அவர் கையில் ஒரு நல்ல ஆயுதம் இருந்தது. 1958-ல் சீதல்வாட் தலைமையிலான சட்ட ஆணையமே, பணிமூப்பை மட்டும் பார்த்துத் தலைமை நீதிபதியை நியமிக்கக் கூடாது, நிர்வாகத் திறனும் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தது. அதைத்தானே செய்தோம் என்றார் குமாரமங்கலம். கூடவே, நீதிபதியின் சமூகக் கண்ணோட்டத்தையும் அரசு கவனிக்கும் என்றார்.

அந்த வாதத்தை எளிதாக ஒதுக்கிவிட முடியாது என்பதைச் சொல்லியாக வேண்டும். பதவியேற்ற தேதியை மட்டும் வைத்து நாட்டின் தலைமை நீதிபதியை முடிவு செய்வது புத்திசாலித்தனம் இல்லைதான். கே.என். சிங் 1991-ல் 17 நாள்தான் தலைமை நீதிபதியாக இருந்தார், யு.யு. லலித் 2022-ல் 74 நாள். அதற்குள் ஒருவர் என்ன சீர்திருத்தம் செய்துவிட முடியும்? ஆனாலும் ரேஷன் கடை வரிசையை நினைத்துப் பாருங்கள். பசி அதிகம் உள்ளவருக்கு முதலில் கொடுப்பதுதான் நியாயம் என்று தோன்றும். யாருக்குப் பசி அதிகம் என்பதைக் கடைக்காரர் முடிவு செய்வார் என்று வந்துவிட்டால், அன்றைக்கே கடைக்காரரின் மச்சான் வரிசைக்கு முன்னால் வந்து நிற்பார். பணிமூப்பின் மதிப்பு அதன் மந்தத்தனத்தில்தான் இருக்கிறது. அது யாரையும் தேர்ந்தெடுப்பதில்லை. அதனால் யாருக்கும் நன்றிக்கடன் படத் தேவையில்லை. உச்ச நீதிமன்றத்தில் மிக அதிகமாக வழக்காடுகிற தரப்பு அரசுதான். அந்தத் தரப்பே நடுவரைத் தேர்ந்தெடுத்தால் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி.

ஐந்து பேர், ஒரு மறுப்பு

1975 ஜூன் 25 இரவு நெருக்கடி நிலை. தமிழ்நாட்டில் ‘மிசா’ என்று சொன்னாலே போதும், விளக்கம் தேவையில்லை. 1976 ஜனவரி 31 அன்று தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்ட பிறகு மு.க. ஸ்டாலின் உட்படப் பலர், விசாரணை இல்லாமல் அடைத்துவைக்க வழி செய்த அந்தச் சட்டத்தில்தான் சென்னை மத்தியச் சிறைக்குப் போனார்கள். வட இந்தியாவில் அது ஏழு மாதம் முன்பே தொடங்கிவிட்டது. எதிர்க்கட்சித் தலைவர்கள் ஆயிரக்கணக்கான தொண்டர்களோடு சிறையில். 1975 ஜூன் 27 அன்று ஒரு குடியரசுத் தலைவர் ஆணை வந்தது: 14, 21, 22 ஆகிய பிரிவுகளில் உள்ள உரிமைகளுக்காக யாரும் நீதிமன்றம் போக முடியாது. 21-ஆவது பிரிவு என்பது உயிருக்கும் தனிமனித சுதந்திரத்துக்கும் உள்ள உரிமை.

சிறையில் இருந்தவர்கள் ஆட்கொணர்வு மனுப் போட்டார்கள். ஒருவரைச் சட்டவிரோதமாகப் பிடித்துவைத்திருந்தால், அவரை நேரில் கொண்டுவந்து நிறுத்து, எந்த அதிகாரத்தில் பிடித்தாய் என்று சொல் என நீதிமன்றம் கேட்பதற்கான வழி அது. அரசின் பதில்: 21-ஆவது பிரிவே நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது, ஆகவே மனுவே செல்லாது. ஒன்பது உயர் நீதிமன்றங்கள் இதை ஏற்கவில்லை. கைது ஆணை சட்டப்படிதான் போடப்பட்டதா என்பதையாவது பார்ப்போம் என்றன. அரசு மேல்முறையீடு செய்தது. ஜபல்பூர் கூடுதல் மாவட்ட மாஜிஸ்திரேட் எதிர் சிவகாந்த் சுக்லா என்பது வழக்கின் பெயர். சட்டக் கல்லூரி மாணவர்கள் ‘ஏடிஎம் ஜபல்பூர்’ என்பார்கள்.

அமர்வில் ஐந்து பேர்: தலைமை நீதிபதி ரே, கன்னா, பெக், ஒய்.வி. சந்திரசூட், பகவதி.

விசாரணையில் கன்னா அட்டர்னி ஜெனரல் நிரேன் டேவிடம் ஒரு கேள்வி கேட்டார். 21-ஆவது பிரிவில் சுதந்திரம் மட்டும் இல்லை, உயிரும் இருக்கிறதே; ஒரு போலீஸ் அதிகாரி சொந்தப் பகைக்காக ஒருவரைக் கொன்றுவிட்டால் நீதிமன்றத்தில் நிவாரணம் உண்டா? என் வாதத்தின்படி, நெருக்கடி நிலை இருக்கும்வரை கிடையாது என்றார் டே. அது உங்கள் மனசாட்சியை உலுக்கலாம், என் மனசாட்சியையும் உலுக்குகிறது என்றும் சேர்த்துக்கொண்டார். அரசு வழக்கறிஞர் ஒருவர் தன் வாதம் எங்கே போய் முடிகிறது என்று இவ்வளவு நேர்மையாக ஒப்புக்கொண்டது அபூர்வம். மற்ற நான்கு நீதிபதிகளும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

1976 ஏப்ரல் 28 அன்று தீர்ப்பு. நான்குக்கு ஒன்று. கைதானவர்களுக்கு நீதிமன்றத்தை அணுக வழி இல்லை என்றார்கள் நால்வர். கைதிகள் நல்ல இடத்தில் வைக்கப்பட்டு, நன்றாகச் சாப்பாடு போடப்பட்டு, ஏறக்குறையத் தாய்போலக் கவனித்துக்கொள்ளப்படுகிறார்கள் என்று பெக் எழுதினார். அதைச் சிறையில் இருந்தவர்கள் படித்திருந்தால் என்ன நினைத்திருப்பார்களோ!

கன்னா தனியாக எழுதினார். அவர் வாதத்தின் மையம் எளிமையானது. உயிரும் சுதந்திரமும் 21-ஆவது பிரிவு கொடுத்த பரிசு அல்ல. அரசியலமைப்புச் சட்டம் எழுதுவதற்கு முன்னாலும், சட்டத்தின் துணை இல்லாமல் ஒருவர் உயிரை அரசு பறிக்க முடியாது என்ற நிலை இருந்தது. அப்படியிருக்க, அந்தப் பிரிவை நிறுத்திவைத்ததால் மட்டும் அந்தப் பாதுகாப்பு காணாமல் போய்விடாது. போய்விடும் என்றால், சட்டத்தின் ஆட்சி நடக்கும் சமூகத்துக்கும் சட்டமே இல்லாத சமூகத்துக்கும் வித்தியாசம் என்ன? கடைசியில், மாறுபட்ட தீர்ப்பு என்பது வருங்காலத்தின் அறிவிடம் செய்யும் முறையீடு என்று சொன்ன அமெரிக்கத் தலைமை நீதிபதி சார்லஸ் எவன்ஸ் ஹியூஸின் வரிகளை எடுத்துக்காட்டி முடித்தார்.

என்ன விலை கொடுக்கப்போகிறோம் என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. தீர்ப்பு வெளிவருவதற்கு முன்பே தன் சகோதரியிடம், நான் எழுதியிருக்கும் தீர்ப்பு எனக்குத் தலைமை நீதிபதி பதவியைப் பறித்துவிடும் என்று சொன்னதாக அவரே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். 1973-ல் மூன்று பேருக்கு நடந்ததைக் கண்ணால் பார்த்தவர். கணக்குத் தெரிந்துதான் கையெழுத்துப் போட்டார்.

தீர்ப்பு வந்த இரண்டாம் நாள், ஏப்ரல் 30 அன்று, நியூயார்க் டைம்ஸ் தலையங்கம் எழுதியது. இந்தியா என்றாவது சுதந்திரத்துக்கும் மக்களாட்சிக்கும் திரும்பினால், நீதிபதி கன்னாவுக்கு யாராவது நிச்சயம் நினைவுச் சின்னம் எழுப்புவார்கள் என்று. தணிக்கையில் இருந்த இந்தியப் பத்திரிகைகளில் அப்படி எழுத அன்று இடம் இல்லை.

1977: ஒரு கூட்டல் கழித்தல்

1977 ஜனவரி கடைசியில் ரே ஓய்வு பெற்றார். அடுத்த மூத்தவர் கன்னா. அறிவிக்கப்பட்ட பெயர் பெக். அன்றே கன்னா ராஜினாமா செய்தார்.

கன்னாவுக்குப் பதவிக்காலம் ஆறு மாதம்கூட இல்லை என்பதுதான் அரசுத் தரப்பில் சொல்லப்பட்ட காரணம். கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கன்னாவுக்கு 65 வயது நிறைவது 1977 ஜூலை தொடக்கத்தில். ஆக, அவருக்கு மிச்சம் சுமார் ஐந்து மாதம், உண்மைதான். ஆனால் பெக் பிறந்தது 1913 பிப்ரவரி 22. அவர் 1978 பிப்ரவரி வரை பணியில் இருப்பார். கன்னா ஐந்து மாதம் இருந்துவிட்டு ஜூலையில் போயிருந்தால், வரிசைப்படி பெக்கே தலைமை நீதிபதி ஆகியிருப்பார், ஏழு மாதத்துக்கு மேல் இருந்திருப்பார். அதாவது, பெக்கைத் தலைமை நீதிபதி ஆக்குவதற்குக் கன்னாவைத் தாண்டத் தேவையே இல்லை. பொறுத்திருந்தால் போதும். தேர்தல் அறிவிக்கப்பட்டுப் பத்து நாள் ஆன நேரத்தில், அரசு பொறுக்கத் தயாராக இல்லை. 1973-ல் நடந்ததற்காவது தனக்கு வேண்டியவரைக் கொண்டுவரும் நோக்கம் இருந்தது என்று சொல்லலாம். 1977-ல் நடந்தது தண்டனை மட்டுமே. பணிமூப்பு விவாதத்தில் பலரும் இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறார்கள். எனக்கு இரண்டாவதுதான் மோசமானதாகப் படுகிறது.

இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். ஏடிஎம் ஜபல்பூர் அமர்வில் இருந்த ஐவரில் ரே அப்போதே தலைமை நீதிபதி. பெக் 1977-ல் ஆனார். சந்திரசூட் 1978-ல் ஆகி, ஏழு ஆண்டுகளுக்கு மேல் இருந்தார். இன்றுவரை அதுதான் மிக நீண்ட பதவிக்காலம். பகவதி 1985-ல். ஆகாமல் போனவர் கன்னா ஒருவர்தான்.

மார்ச் மாதத் தேர்தலில் இந்திரா காந்தி தோற்றார். ஜனதா அரசு, நெருக்கடி நிலை அத்துமீறல்களை விசாரிக்கும் ஆணையத்துக்குத் தலைமை ஏற்கக் கன்னாவைக் கேட்டபோது அவர் மறுத்துவிட்டார். தன்னைப் பதவியிலிருந்து ஒதுக்கியவர்களைத் தானே விசாரித்தால் பழிவாங்குவதாகத் தெரியும் என்பது அவர் நிலை. சட்ட ஆணையத்தின் தலைவராக இருந்தார். 1979-ல் சரண் சிங் அமைச்சரவையில் சட்ட அமைச்சராகச் சேர்ந்து, சில நாட்களிலேயே விலகினார். அவர் வாழ்க்கையில் பொருந்தாமல் நிற்கும் ஓர் அத்தியாயம், அதில் சொல்ல அதிகம் இல்லை. 1982-ல் எதிர்க்கட்சிகளின் குடியரசுத் தலைவர் வேட்பாளர். ஜெயில் சிங் 7,54,113 வாக்கு மதிப்பு பெற்று வென்றார், கன்னாவுக்கு 2,82,685. 1999-ல் பத்ம விபூஷண். 2008 பிப்ரவரி 25 அன்று 95 வயதில் காலமானார்.

உச்ச நீதிமன்றத்தின் இரண்டாம் எண் அறையில் அவருடைய முழு உருவப்படம் தொங்குகிறது. 1978-லேயே, அவர் உயிரோடு இருக்கும்போதே வைத்தார்கள். அவர் எழுதிய மறுப்புக்கும் காலம் பதில் சொன்னது. 1978-ல் வந்த 44-ஆவது திருத்தம், நெருக்கடி நிலையிலும் 20, 21 ஆகிய பிரிவுகளை நிறுத்திவைக்க முடியாது என்று ஆக்கியது. 2011-ல் பகவதி, தன் தீர்ப்பு தவறு என்று பகிரங்கமாகச் சொன்னார். 2017 ஆகஸ்ட் 24 அன்று, அந்தரங்க உரிமை வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு ஏடிஎம் ஜபல்பூர் தீர்ப்பை ரத்து செய்தது. ரத்து செய்து எழுதியவர் டி.ஒய். சந்திரசூட், 1976-ல் பெரும்பான்மையோடு சேர்ந்த ஒய்.வி. சந்திரசூட்டின் மகன்.

கதவு இப்போது பூட்டியிருக்கிறதா?

பாதி பூட்டியிருக்கிறது. 1977-க்குப் பிறகு தலைமை நீதிபதி பதவிக்கு யாரும் தாண்டப்படவில்லை. 1993-ல் உச்ச நீதிமன்றம், நீதிபதிகள் நியமனத்தில் கடைசி வார்த்தை தங்களுடையது என்று தீர்ப்பளித்தது. மூத்த நீதிபதிகள் குழுவான கொலீஜியம் அப்படி வந்தது. இன்று தலைமை நீதிபதியும் அவருக்கு அடுத்த நான்கு மூத்தவர்களும் உச்ச நீதிமன்றத்துக்குப் புதிய பெயர்களைப் பரிந்துரைக்கிறார்கள். 2014-ல் நாடாளுமன்றம் அதற்குப் பதிலாகத் தேசிய நீதித்துறை நியமன ஆணையத்தைக் கொண்டுவந்தது. 2015 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. கவனியுங்கள், கொலீஜியத்தில் யார் இருப்பார் என்பதையும் பணிமூப்புதான் முடிவு செய்கிறது.

ஆனால் வரிசையை உடைக்காமலே வரிசையை மாற்றலாம். பதவியேற்கும் தேதியைத் தள்ளிப்போட்டால் போதும். 2018 ஜனவரியில் உத்தராகண்ட் தலைமை நீதிபதி கே.எம். ஜோசப்பின் பெயரைக் கொலீஜியம் அனுப்பியது. 2016-ல் அந்த மாநிலத்தில் போடப்பட்ட குடியரசுத் தலைவர் ஆட்சியை ரத்து செய்தவர் அவர். அவரோடு சேர்ந்து அனுப்பப்பட்ட இந்து மல்ஹோத்ராவுக்கு ஏப்ரலில் நியமனம் வந்தது. ஜோசப்பின் பெயர் திரும்பி வந்தது. அகில இந்திய அளவில் அவரைவிட மூத்தவர்கள் இருக்கிறார்கள் என்பதும் அரசு சொன்ன காரணங்களில் ஒன்று. பணிமூப்பு இங்கே அரசின் வாதமாகிவிட்டது! கொலீஜியம் மறுபடி அனுப்பியது. ஆகஸ்ட் 7 அன்று மூன்று பேர் பதவியேற்றார்கள்: சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்த இந்திரா பானர்ஜி, பிறகு வினீத் சரண், மூன்றாவதாக ஜோசப். வயதுக் கணக்கில் அவருக்குத் தலைமை நீதிபதி வாய்ப்பு எப்படியும் கிடையாது. ஆனால் அமர்வுக்கு யார் தலைமை தாங்குவது, கொலீஜியத்துக்குள் எப்போது போவது என்பதெல்லாம் அந்த வரிசையைப் பொறுத்ததுதான்.

இன்னொரு ஓட்டை, உச்ச நீதிமன்றத்துக்குள் நுழையும் வாசலில் இருக்கிறது. உள்ளே வந்த பிறகுதான் பணிமூப்பு கண்டிப்பான விதி. வாசலில் அது பல காரணங்களில் ஒன்று மட்டுமே. இதற்கு எடுத்துக்காட்டு கன்னா குடும்பத்திலேயே இருக்கிறது. எச்.ஆர். கன்னாவின் தம்பி மகனோ அண்ணன் மகனோ என்ற உறவுமுறைக்குள் போக வேண்டாம், உடன்பிறந்தவரின் மகன், சஞ்சீவ் கன்னா. டெல்லி உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த அவரை, எந்த உயர் நீதிமன்றத்துக்கும் தலைமை நீதிபதியாக இல்லாத நிலையிலேயே, 2019 ஜனவரியில் கொலீஜியம் உச்ச நீதிமன்றத்துக்குப் பரிந்துரைத்தது. அகில இந்தியப் பட்டியலில் அவருக்கு மேலே முப்பதுக்கும் அதிகமான நீதிபதிகள் இருந்தார்கள். ஓய்வு பெற்ற டெல்லி உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர், 1977-ல் எச்.ஆர். கன்னாவுக்கு நடந்ததை நினைவுபடுத்தியே குடியரசுத் தலைவருக்கு எதிர்ப்புக் கடிதம் எழுதினார். தகுதி, நேர்மை, அகில இந்தியப் பணிமூப்பு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவெடுத்தோம் என்றது கொலீஜியம். 1973-ல் அரசு சொன்ன பதிலிலிருந்து இது எவ்வளவு தூரம் என்று யோசிக்க வைக்கிற பதில்தான். ஜனவரி 18 அன்று சஞ்சீவ் கன்னா பதவியேற்றார். அதற்குப் பிறகு அவருடைய இடம் தேதிக் கணக்கில் உறுதியாகிவிட்டது: 2024 நவம்பர் 11 அன்று தலைமை நீதிபதி ஆனார், 2025 மே 13 அன்று ஓய்வு பெற்றார், மறுநாள் வரிசையில் அடுத்து நின்ற பி.ஆர். கவாய் பதவியேற்றார்.